நெல்லுதான் இருக்கு

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மளிகைச் சீட்டு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகிறது. மறந்தது நினைவுக்கு வரும்போது அதைச் சொல்லவேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கிறது. கோணல் மாணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பத்திரிகைக்கு என்னை எதையாவது எழுதச் சொல்லி என் மகன் சேகரிடம் கேட்டார்களாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். எழுதினால் என் முகம் யாருக்கும் தெரியாதே என்றுதான் துணிந்தேன். ஊரில் இருக்கிறவர்களும் படிப்பார்கள் என்கிறான் சேகர். அப்படியென்றால் நல்லதுதான். கடைசியில் அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது.

இங்கே ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பியவர்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு போனார்கள். அதை முதலில் சொல்லவேண்டும். தை மாதம், மணி ஒன்பதாகியும் விடியாத மாதிரி ஒரு வெளிச்சம். எதிர் வீட்டு டோரீன் அம்மாள் தன் வாசலில் நிற்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வருஷம் முழுக்க ஒரே சாம்பல் நிறக் கோட்டில்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நீலக் கவுன், கழுத்தில் முத்துமாலை, உதட்டில் சிவப்புச் சாயம். சாயத்தின் மேல் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு எனக்குக் கை காட்டுகிறாள். "வாயத்தான் மூடியாச்சே, சாயம் எதுக்குடா?" என்று சேகரிடம் கேட்டேன். "உள்ள இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமில்ல, அது போதும்" என்றான். நான் உள்ளே போய் நூல் புடவையை மாற்றிக்கொண்டு பட்டுக்கரை போட்டதைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்றுதான் இருக்கும்.

நான் இங்கே ஆறு மாதத்துக்கு வந்தவள். மருமகள் மல்லிகாவுக்கு முதுகில் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்று அதற்கு முந்தின வருஷம் மாசியில் அறுப்பு முடிந்த கையோடு விமானம் ஏறினேன். வந்து ஒரு மாதத்தில் விமானமெல்லாம் நின்றுபோயின. அவர் ஊரில், குடவாசலுக்குப் பக்கத்தில், ஒன்பது மா நிலத்தோடு, மூன்று ஏக்கர் வரும், தனியாக நின்றுபோனார். அவர் என்றால் சேகர் அப்பா. பெயரை எழுத மாட்டேன், வாயால் சொல்லிப் பழக்கமில்லாததைக் கையால் எழுத வரவில்லை. இந்த இடத்துக்கு லிங்கன்ஷயர் என்று பேர். மலை கிடையாது, மேடு கிடையாது, கண்ணுக்கு எட்டின மட்டும் பலகை மாதிரி பூமி. கோடு போட்டதுபோல வாய்க்கால்கள். நெல் இருக்கவேண்டிய இடத்தில் முட்டைக்கோஸ் இருக்கிறது, அதுதான் வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. யாரும் முறை போட்டுக் காத்திருப்பதில்லை. தண்ணீர் அதிகம் என்று மோட்டார் வைத்து இறைத்துக் கடலில் விடுகிறார்களாம். இதை அவரிடம் போனில் சொன்னேன். "எறைச்சுக் கடல்ல விடுறானா? எவன் அவன்?" என்றார். நான்தான் என்னவோ தப்புச் செய்துவிட்டதுபோல அன்றைக்கு என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஊசி போடும் இடம் ஒரு பெரிய கூடம். பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடமாம், தரையெல்லாம் கலர் கலராகக் கோடு. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஊசி போட்டவர்கள் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகவேண்டும். மஞ்சள் சட்டைக்காரர்கள் வழிகாட்டிக்கொண்டு நின்றார்கள். தடி ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் வெளியே வந்தார், அத்தனை பேரும் கை தட்டினார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். எனக்கு முன்னால் போன டோரீன் நாற்காலியில் உட்கார்ந்து தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். ஊசி எங்கேயோ எசகுபிசகாகப் பட்டுவிட்டது என்று நினைத்து நான் அவள் பக்கம் போனேன். மஞ்சள் சட்டைக்காரி குறுக்கே கை நீட்டி என்னை நிறுத்தினாள். சேகர் தள்ளி நின்றே டோரீனிடம் என்னவோ கேட்டான். "வலிக்காக இல்லம்மா. அவங்க வீட்டுக்காரரு முதியோர் இல்லத்துல இருக்காரு. பத்து நிமிச நடைதான். பத்து மாசமா கண்ணாடி ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் பாக்குறாங்க. இனிமே தொட்டுப் பாக்கலாம்ல, அதுக்கு அழறாங்க" என்றான். அவளுக்குப் புருஷன் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தனியாக இருக்கிறாளே, போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். என்னைப் பற்றியும் இந்தத் தெருவில் அப்படித்தான் நினைத்திருப்பார்களோ என்று அப்போது தோன்றியது.

என் முறை வந்தது. நர்ஸ் பெண் ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். நின்றுவிட்டாள். அங்கே இரண்டு வட்டத் தழும்பு இருக்கிறது, எட்டணாக் காசு அகலம், சுருங்கின தோல். அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அம்மை குத்தின தழும்பான்னு கேக்குறாங்கம்மா. புஸ்தகத்துலதான் படிச்சிருக்காங்களாம்." ஆமாம் என்று தலையாட்டினேன். நர்ஸ் பெண் கையுறை போட்ட விரலால் அந்தத் தழும்பை ஒருதரம் மெதுவாகத் தடவினாள். அவளுக்கு அது அதிசயம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நானும் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கூச்சம் பிடுங்கித் தின்றது.

அந்தத் தழும்பின் கதையை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஏழு வயது. மார்கழி மாதம், அம்மை குத்துகிற ஐயா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோல் பையும் சின்ன ஸ்பிரிட் விளக்கும் வைத்திருப்பார். திருகாணி மாதிரி ஒன்றை விளக்கில் காட்டிவிட்டுக் கையில் வைத்துத் திருகுவார். நெருப்பு வைத்ததுபோல இருக்கும். இரண்டாம் வகுப்பில் முதலில் மாட்டினது நான். பெரிய பையன்கள் ஜன்னல் ஏறிக் குதித்து ஓடிவிட்டார்கள். ஓடியவர்களில் என் அத்தை மகன் ஒருவர், என்னைவிட நாலு வயது பெரியவர். நான் கையைத் தடவிக்கொண்டே அத்தை வீட்டுக்கு வந்தால் அத்தை அவரைப் பத்தாயத்துக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறாள். பத்தாயம் என்பது நெல் கொட்டிவைக்கிற மரப்பெட்டி, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அறுப்புக்கு முந்தின மாதம் என்பதால் பாதிக்குமேல் காலி. மூடியை மூடிவிட்டு, "ஆரு கேட்டாலும் வாய் தொறக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தை கொல்லைப் பக்கம் போய்விட்டாள். ஐயா வீடு வீடாகத் தேடி வந்தார். தழும்பு ஏறப்போகிற என் கையைப் பார்த்து, "நல்ல பொண்ணு, இது பொய் சொல்லாது" என்றார். பத்தாயத்தை விரலால் தட்டி, "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். வாய் திறக்காதே என்றுதான் அத்தை சொல்லியிருந்தாள். எனக்கு என்னவென்றால், கை எரிந்துகொண்டிருந்தது. இந்த எரிச்சல் உள்ளே இருக்கிறவருக்கும் வரவேண்டாம் என்று பட்டது. "நெல்லுதான் இருக்கு" என்றேன். ஐயா பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பங்குனியில் ஊரில் அம்மை போட்டது. குத்திக்கொண்ட எங்களுக்கு ஒன்றும் இல்லை. பத்தாயத்துக்குள் இருந்தவருக்கு முகமெல்லாம் முத்து வாரி இறைத்துவிட்டது. அத்தை வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தார்கள். தாளிக்கிற சத்தம் கிடையாது. நான் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். வாழையிலையில் கிடப்பார். அம்மை போட்ட வீட்டுக்கு வந்தவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஆத்தாளும் கூடவே கிளம்பி வந்துவிடுவாள் என்பார்கள். பேச்சுக்கு நடுவிலேயே எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடவேண்டும். நான் தினமும் அப்படி வந்து அப்படிப் போனேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றி எழுந்து வந்தபோது அவருக்கு இடது கண் இல்லை.

பதினெட்டு வயதில் என்னைப் பெண் பார்க்க நீடாமங்கலத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நான் அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பத்தாயத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். ஊரெல்லாம் தேடினார்கள். அத்தைதான் மூடியைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், மறுபடியும் மூடிவிட்டு வெளியே போய், "பொண்ண எம் மவனுக்கே முடிச்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டாள். 'ஒத்தக் கண்ணனுக்கா' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பாவத்துக்குக் கட்டிக்கொண்டேனா பிரியத்துக்குக் கட்டிக்கொண்டேனா என்று என்னையே நான் கேட்டுக்கொண்டது உண்டு. அவரிடம் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஐம்பத்தெட்டு வருஷம்.

இங்கே ஊசி போட்ட மறுநாள் எனக்குக் காய்ச்சல். பழக்க தோஷம், நான் பாட்டுக்கு அம்மைக்குச் செய்வதையெல்லாம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாளைக்குத் தாளிக்கக்கூடாது என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். வேப்பிலைக்கு எங்கே போவது? குளிர்பெட்டியில் ஒரு பை கருவேப்பிலை இருந்தது, அதைக் கொத்தாகக் கட்டி வாசல் கதவில் செருகினேன். மல்லிகா சிரித்துச் சிரித்து முதுகு வலி வந்து உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, பீட்டர்பரோ போயி வாங்கிட்டு வந்தது. ரசத்துக்கு வச்சிருந்தேன். இது அம்மையும் இல்ல, அது வேப்பிலையும் இல்ல" என்றாள். "பச்சையா இருக்குல்ல, ஆத்தாளுக்குத் தெரியும்" என்றேன். சாயங்காலம் டோரீன் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று, கதவில் இருந்த கொத்து அழகாக இருக்கிறது என்றாளாம். கேக்கைச் சுவரில் வைத்துவிட்டு, "பை பை" என்று கை ஆட்டினாள். நான் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நோவு வீட்டில் போய் வருகிறேன் கிடையாதே. அவள் சேகருக்குப் போன் செய்து, உன் அம்மா மனம் நோக நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்டிருக்கிறாள். அவன் பொறுமையாக விளக்கியிருக்கிறான்.

மாசிக் கடைசியில் அவளை இல்லத்துக்கு உள்ளே விட்டார்கள், ஒரே ஒரு ஆள், கையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று. போய்விட்டு வந்தவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சேகர் எனக்குச் சொன்னான்: "ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு வெளிய நின்னு பை பை சொல்லும்போதுதான் அவரு அழ ஆரம்பிப்பாராம். இன்னிக்கு ஒங்கள மாதிரி பேசிக்கிட்டிருக்கும்போதே எந்திரிச்சு வந்துட்டாங்களாம். அவரு அழலியாம்." டோரீன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிறகு கை ஆட்டாமல், திரும்பிப் பார்க்காமல், ரோட்டைக் கடந்து தன் வீட்டுக்குப் போனாள்.

அதே நாட்களில்தான் ஊரிலும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி ஆரம்பித்தது. நான் அம்மை குத்திக்கொண்ட அதே பள்ளிக்கூடம். அவர் போனைச் சரியாகப் பிடிக்க மாட்டார், எனக்குத் தெரிவது நெற்றியும் உத்திரமும்தான். "இங்க எல்லாரும் அழுவுறாங்க, ஊசி போட்டுக்கிட்டு" என்றேன். "குத்துனா வலிக்கத்தானே செய்யும்." "வலிக்கு இல்லீங்க, சந்தோசத்துல." "சந்தோசத்துல அழுவுறதுக்கு ஊசி எதுக்கு? இங்க ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு வந்து, ஆதார் கார்ட எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொன்னான் பாரு, ஊரே வயலுக்குப் போயிடுச்சு. இந்த வருசம் பயறு புடுங்க ஆள் தட்டுப்பாடே இல்ல. கூப்புடாதவன்லாம் வந்து குனிஞ்சு நிக்கிறான்." நானும் சிரித்துவிட்டேன். "நீங்க?" என்றேன். "எனக்கு எதுக்கு? ஆத்தா குடியிருந்துட்டுப் போன ஒடம்பு இது. அவ ஒருதரம் வந்த எடத்துக்கு மறுதரம் வர மாட்டா. இதெல்லாம் சின்ன நோவு, கிட்ட வராது. நர்சம்மா வந்துச்சு, மொவத்தக் காட்டி அனுப்பிட்டேன்."

எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர்தான் இப்படிக் கணக்குப் போட முடியும். அம்மை வேறு, இது வேறு என்று சேகர் சொன்னான், மல்லிகா சொன்னாள். நல்லபடியாகக் கேட்டுக்கொண்டு, "சரிப்பா, பயறு முடியட்டும்" என்பார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகத்தைக் காட்டி நர்சை அனுப்பினேன் என்றதும், அந்த முகத்துக்குக் காரணம் ஆத்தாளா நானா என்ற கேள்வி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு தடவையும் ஊசியைத் திருப்பி அனுப்பிய பழி என்னுடையது. இங்கே ஊசி போட்டுக்கொண்டவர்கள் பேரப்பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொள்வதை டிவியில் காட்டினார்கள். நான் பார்க்காமல் எழுந்து போய்விடுவேன்.

சித்திரையில் ஊர்ச் செய்தி மாறிவிட்டது. போன் பண்ணினால் யாராவது ஒருவர் பெயரைச் சொல்வார். மேலத்தெருவில் ஒருத்தர், பெருமாள் கோயில் பக்கத்தில் இரண்டு பேர். ஒருநாள் அவர் பேச்சுக்கு நடுவில் இருமினார். "தூசி" என்றார். சேகரும் மல்லிகாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். எதிரே ஆள் இல்லை என்றால் எனக்குக் கொஞ்சம் பேச வரும்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அம்மை குத்த வந்தப்ப நீங்க பத்தாயத்துல இருந்தீங்களே. அந்த ஐயா எங்கிட்ட கேட்டாரு. நான்தான்..."

"நெல்லுதான் இருக்குன்ன."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"உள்ளதானே இருந்தேன். காது அப்ப நல்லாத்தான் கேக்கும்."

"தெரிஞ்சுமா இத்தன வருசம்..."

"பலக இடுக்குல பாத்துக்கிட்டும் இருந்தேன். அப்ப ரெண்டு கண்ணு இருந்துச்சுல்ல. நீ கையத் தடவிக்கிட்டே சொன்ன. எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் சொன்ன, அது தெரியாதா? எங்கம்மாகூட வாய் தொறக்காதன்னுதான் சொன்னிச்சு. பொய் சொன்னது நீதான். பின்னாடி நீயே அந்தப் பத்தாயத்துல எறங்கி ஒக்காந்தியே, அன்னிக்குத்தான் எனக்குச் சிரிப்பு தாங்கல."

நான் அழுதேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல் அழுதேன். "அழுவாத அஞ்சல. அங்க எல்லாரும் அழுவுறாங்கன்னு நீயும் கத்துக்கிட்டியா?" என்றார். "இப்ப அந்த நர்சம்மா மறுபடி வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "நெல்லுதான் இருக்குன்னு சொல்லுவேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. "சரி, காலைல போறேன்" என்றார். என் மேல் சத்தியமாகவா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் போகிறேன் என்றால் போவார்.

போனார். ஆனால் இப்போது ஊசி இல்லை. மாசியில் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடின ஊர், சித்திரையில் பள்ளிக்கூட வாசலில் விடியும் முன்னே வந்து நின்றது. ஆட்கள் நிற்க முடியாமல் செருப்பையும் பையையும் வரிசையில் விட்டுவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்களாம். இவர் துண்டை விரித்து அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் நாள் டோக்கன் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் மருந்து வண்டியே வரவில்லை, வாசலில் அழுகையும் சண்டையுமாகக் கிடந்ததாம். "போட வந்தப்ப ஓடுனோம், இப்ப நாங்க தொரத்துறோம், அது ஓடுது" என்றார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மல்லிகா கேட்டதற்குப் பல்வலி என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன இரண்டாவது பொய் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை, இங்கே ஆறரை மணி, போன் வந்தது. உத்திரம் தெரியவில்லை, ஓட்டுக் கூரை தெரிந்தது. "போட்டாச்சு" என்றார். "அரை மணி நேரம் ஒக்காரச் சொல்றாங்க. எங்க ஒக்கார வச்சிருக்காங்க தெரியுமா? ரெண்டாங் கிளாஸ்ல. நீ ஒக்காந்த ரூமு." பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்றார். எங்கள் காலத்தில் மணல்தான். சுவரில் வாய்ப்பாடு எழுதியிருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துல கோவிந்தம்மா அழுவுது. வலிக்குதான்னு கேட்டேன். இல்லண்ணே, எம் மவனுக்கு இது கெடைக்கலியேங்குது. போன வாரம்தான் அந்தப் புள்ள..." கோவிந்தம்மா அழுகிறது எனக்குக் கேட்டது. டோரீன் அழுததும் இவள் அழுவதும் சத்தத்தில் ஒரே மாதிரிதான் இருந்தது.

அந்த அரை மணியும் போனை வைக்கவில்லை. அதிகம் பேசவும் இல்லை. மாடு சினையாக இருக்கிறது என்றார். புளி தீர்ந்துவிட்டது என்றார். நான் ஊசி போட்ட கையை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். அப்படியே பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை, வச்சிடறேன் என்றும் சொல்லவில்லை. டோரீன் கதையை அவரிடம் நான் சொன்னதில்லை. ஊசி போட்ட வீடும் நோவு வீடுதானே, அவருக்கு அது தானாகத் தோன்றியிருக்கிறது. போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துணி உரசுகிற சத்தம் கேட்டது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம். அந்தச் செயின் கவர் ஆடுகிற சத்தம் எனக்குத் தெரியும், நாற்பது வருஷமாக வீட்டுக்குள்ளிருந்தே அது கேட்டுத்தான் அடுப்பில் உலை வைப்பேன்.

நான் இங்கே ஜன்னலில் நின்றேன். எதிரே முட்டைக்கோஸ் வயல், அதற்கு அப்பால் கரை தளும்பத் தண்ணீர் நிற்கிற வாய்க்கால். காதில் எங்கள் வாய்க்கால். சித்திரையில் அதில் தண்ணீர் ஏது, காய்ந்த மண்ணிலே சருகு மிதிபடுகிற சத்தம்தான். சைக்கிளைத் தூக்கிப் பாலத்தின் படியில் ஏற்றினார், 'ஹூம்' என்று ஒரு மூச்சு விட்டார், இந்தப் பக்கம் இறக்கினார். ஒரு நாய் குரைத்தது. யாரோ, "போட்டாச்சாண்ணே?" என்று கேட்டார்கள். அதோடு அவர் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. மல்லிகா எழுந்து வந்து பார்த்தபோது நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. அவர் நன்றாக இருக்கிறார், இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். விமானம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. நான் எழுதினதில் பிசகு இருக்கலாம். அம்மை குத்த வந்தது மார்கழியா கார்த்திகையா, தெரிந்தவர்கள் திருத்துங்கள். முக்கியமாக ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் முன்பு இரண்டு பாலம் உண்டு. நான் கிளம்பும்போது ரோடு போடுகிறோம் என்று ஒன்றை இடிக்கப்போவதாகச் சொன்னார்கள். இடித்தார்களா, விட்டுவிட்டார்களா தெரியவில்லை. அவரைக் கேட்டால் எனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லிவிடுவார். அன்றைக்குப் போன் அணைவதற்குள் அவர் தாண்டினது ஒரு பாலம். இருப்பதே ஒரு பாலம்தான் என்றால் நானும் அவரோடு வாசல் வரைக்கும் போய்விட்டேன். இரண்டு இருந்தால் நான் இன்னும் நடுவழியில்தான் நிற்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது தயவுசெய்து எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.